மசூர்க்கா: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

மசூர்க்கா ஒரு நடனத்தின் பெயர்தான், ஆனால் அதற்கு முன்னால் அது ஓர் ஊர்க்காரரின் பெயர். போலந்தில் வார்சாவைச் சுற்றியுள்ள வட்டாரம் மசோவியா, அங்கே வாழ்பவர் மசூர், அவர் ஆடுவது மசுரெக். போலிஷ் மொழியில் 'மசுரெக்கை ஆடு' என்று சொன்னால், நம்மிடம் 'மரம்' 'மரத்தை' ஆவதுபோல, சொல் 'மசுர்கா' ஆகிவிடும். வேற்றுமை ஏறிய அந்த வடிவமே பிற மொழிகளில் பெயராக நின்றுவிட்டது என்பது பொதுவாகத் தரப்படும் விளக்கம்.

தாளம் மூன்று எண்ணிக்கை. வால்ட்ஸ் என்ற ஐரோப்பிய ஜோடி நடனத்துக்கும் மூன்றுதான், ஆனால் அதில் அழுத்தம் முதல் எண்ணில் விழும். மசூர்க்காவில் இரண்டிலோ மூன்றிலோ விழும். தொடையில் தட்டிப் பாருங்கள், உடனே பிடிபடும். போலந்தில் பிறந்த பியானோ இசையமைப்பாளர் ஷோப்பான் தம் மசூர்க்காக்களில் தாளத்தை எவ்வளவு நெகிழ்த்தி வாசித்தார் என்றால், கேட்டுக்கொண்டிருந்த இசையமைப்பாளர் மேயர்பேர் இது இரண்டு எண்ணிக்கை என்றே வாதாடினாராம், ஷோப்பான் கோபத்தில் உரக்க எண்ணியபடி வாசித்துக் காட்டினார் என்று உடனிருந்த மாணவர் எழுதிவைத்திருக்கிறார்.

அப்புறம் சலோன், அதாவது பெரிய வீடுகளில் விருந்தினர் கூடிப் பேசவும் இசை கேட்கவும் இருந்த அறை. 1831-இல் பாரிஸ் வந்த ஷோப்பான் பொதுமேடையை அவ்வளவாக விரும்பியவரில்லை, பிரபுக்களின் வீட்டுச் சலோன்களில்தான் மனம்விட்டு வாசித்தார். ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் போலந்தைப் பங்குபோட்டு முடித்தது 1795-இல். 1830 எழுச்சி தோற்றபின் நாடிழந்து பாரிஸுக்கு வந்த போலந்துப் பிரபுக் குடும்பங்களும் அங்கே இருந்தன. 1838-இல் வெளியான 30-ஆம் எண் மசூர்க்காத் தொகுப்பை சார்டோரிஸ்கி குடும்பத்தில் பிறந்த ஓர் இளவரசிக்குத்தான் காணிக்கையாக்கினார். பட்டுடுத்தியவர்கள் உட்கார்ந்து கேட்ட இசை அது, யாரும் எழுந்து ஆடவில்லை. ஆனால் 56-ஆம் எண் தொகுப்பின் இரண்டாவது மசூர்க்காவைக் கேளுங்கள்: இடது கை ச-ப என்று, நாகசுரத்துக்கு ஒத்து ஊதுவதுபோல, விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அது கிராமத்துப் பைக்குழலின் ஓசை. அந்த ஓசையை அப்படியே மாளிகைக்குள் கொண்டுவந்து வைத்ததுதான் எனக்கு அவரிடம் மிகப் பிடித்தது.

சரி, தமிழில்? 'மும்மைத் தாள ஆடல்' என்றால் வால்ட்ஸும் அதில் அடங்கிவிடும். ஊர்ப்பெயர்தான் இந்தச் சொல்லின் உயிர் என்பதால், முதல்முறை 'மசோவிய ஆடலிசை' என்று ஒரு விளக்கம் கொடுத்துவிட்டு மசூர்க்கா என்றே எழுதுவதுதான் முறை. சலோனுக்கு அப்படியில்லை, அதை மாற்றியே ஆக வேண்டும். அந்தப் பிரெஞ்சுச் சொல்தான் ஆங்கிலம் வழியாக வந்து நம் தெருவில் முடிவெட்டும் சலூன் ஆனது, 'சலூன் இசை' என்று எழுதினால் படிப்பவருக்குக் கத்தரிக்கோல் சத்தம்தான் கேட்கும். 'வரவேற்பறை' என்றால் வந்தவர் காத்திருக்கும் அறை போலிருக்கிறது. நம் பழைய வீடுகளில் நாலு பேர் கூடி உட்காரும் இடத்துக்குக் கூடம் என்று பெயர், விருந்தும் பாட்டும் அங்கேதான். ஆகவே 'கூடத்து இசை' என்றே எழுதுகிறேன்.