திரையை அணைத்துவிட்டு மிதித்துப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிசியோதெரபி பார்க்கிறேன். இங்குள்ள சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கமிருந்து என்னிடம் வருகிற நம் ஆட்கள் பலருக்குச் சர்க்கரையும் முட்டிவலியும் சேர்ந்தே இருக்கும். நடங்கள் என்றால் சாட்ஸ்வர்த்தின் மேடு முட்டியைப் படுத்துகிறது. பொழுது சாய்ந்துவிட்டால் வெளியே போகவும் பயம். அதனால் வீட்டுக்குள் சைக்கிள் மிதிக்கச் சொல்வது நான்தான். இப்போது பிள்ளைகள் ஆசை ஆசையாகப் பெரிய திரை வைத்த ஸ்மார்ட் பைக்கை வாங்கித் தந்துவிடுகிறார்கள். சில வாரங்களில் அம்மாவோ அப்பாவோ புதிதாக ஒரு வலியோடு என்னிடம் வந்து நிற்கிறார்கள்.

அப்படி வந்த ஒரு அம்மாவுக்கு வயது 63, உயரம் 148 செ.மீ. முட்டிக்குப் பின்னால் இழுக்கிறது, கைவிரல்கள் மரத்துப்போகின்றன என்றார். “தம்பி, திரையில வர்ற பொண்ணு இன்னும் வேகம், இன்னும் வேகம்னு சொல்லுது. நானும் விடாம மிதிச்சேன்.” வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். சீட்டை ஆகக் கீழே இறக்கியும் அவருக்கு உயரம்தான். பெடல் கீழே போகும்போதெல்லாம் கால்விரலை நீட்டி எட்டிப் பிடிக்கிறார். இடுப்பு இரண்டு பக்கமும் ஆடுகிறது. ஹேண்டில்பார் தள்ளி இருப்பதால் உடம்பின் பாரம் முழுவதும் உள்ளங்கையில். மகன் கடையில் விசாரித்தது திரையின் அளவும், பெடலோடு சேர்ந்து சுற்றும் ஃப்ளைவீல் என்கிற சக்கரத்தின் எடையும் மட்டும்தான். எத்தனை நல்ல செயலி இருந்தாலும் எட்டாத பெடலை எட்ட வைக்காது.

சரி, வாங்கும் முன் என்ன பார்ப்பது? பைக்கை மிதிக்கப் போகிறவரையே கடைக்குக் கூட்டிப்போங்கள். திரையை அணைக்கச் சொல்லுங்கள். குதிகாலைப் பெடலில் வைத்து அதை ஆகக் கீழே கொண்டுவந்தால் கால் நேராக வேண்டும், இடுப்பு சாயக் கூடாது. அப்புறம் முன்பாதத்தை வைத்தால் முட்டி லேசாக, ஏறக்குறைய 25 முதல் 35 டிகிரி மடங்கும். அதுதான் சரியான உயரம். சீட் தாழ்ந்திருந்தால் முட்டியின் முன்பக்கம் வலிக்கும்; உயர்ந்திருந்தால் பின்பக்கம் இழுக்கும். சீட் முன்னும் பின்னும் நகர்கிறதா, ஹேண்டில்பார் உயர்வதோடு உங்கள் பக்கமும் வருகிறதா என்று பாருங்கள். விலை குறைந்த பலவற்றில் ஹேண்டில்பார் மேலும் கீழும் மட்டுமே போகும். குள்ளமானவர்களுக்கு அது போதாது.

ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேர் மிதிப்பதாக இருந்தால், ஒவ்வொருவரும் தம் அளவுக்கு மாற்றிக்கொள்ளும் வேலை சுலபமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் யாரும் மாற்ற மாட்டார்கள்.

மிதிக்கும் சுகத்தைப் பற்றி ஒரு தப்பெண்ணம் உண்டு. ஃப்ளைவீல் கனமாக இருந்தால் ஓட்டம் வழுவழுப்பாக இருக்கும் என்பார்கள். வேகமாகச் சுற்றுகிற லேசான சக்கரத்திலும் அதே உந்தம் கிடைக்கும். எடையைக் கேட்பதைவிட, மெதுவாக மிதித்துப் பாருங்கள். பெடல் மேலே வந்து கவிழும் இடத்தில் தட்டுகிறதா, வெட்டுகிறதா? முட்டி தேய்ந்தவருக்கு அந்த வெட்டுத்தான் வலி. சக்கரத்தில் பட்டை உரசி இறுக்கம் தரும் பைக்கில் பட்டை தேயும், சத்தமும் வரும். காந்தத்தால் இறுக்கம் தருவதில் உரசல் இல்லை. இறுக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகவும் கூட்டலாம். நோயாளிக்கு நான் முதலில் பார்ப்பது ஆகக் குறைந்த இறுக்கம் எவ்வளவு லேசாக இருக்கிறது என்பதைத்தான். கடைக்காரர் காட்டுவதோ உச்சபட்ச இறுக்கத்தை!

இன்னொன்று கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். சில பைக்குகளில் நாம் காலை நிறுத்தினாலும் ஃப்ளைவீல் பெடலைச் சுற்றிக்கொண்டே இருக்கும். சட்டென நிறுத்தினால் அந்த வேகம் முட்டியைப் பிடித்து இழுக்கும். அவசர பிரேக் எங்கே இருக்கிறது என்று முதல் நாளே அழுத்திப் பழகுங்கள். பேரப்பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பைக்கைச் சுவர் ஓரம், சக்கரம் சுவர்ப் பக்கம் இருக்கும்படி வையுங்கள்.

செயலியே இறுக்கத்தை மாற்றும் பைக்குகளில், குறிப்பிட்ட வாட் கணக்கை, அதாவது மிதிக்கும் சக்தியின் அளவை, மாறாமல் பிடித்துவைக்கும் முறை ஒன்று உண்டு. களைத்துப்போய் நீங்கள் மெதுவாக மிதித்தால், கணக்கைச் சரிக்கட்ட அது இறுக்கத்தைக் கூட்டும். களைப்பு இன்னும் ஏறும், கால் நின்றே போகும். வயதானவர்கள் அதை அணைத்துவிடுவதே நல்லது. ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நாடித்துடிப்பு வழக்கம்போல் உயராது, ஆகவே திரை காட்டும் துடிப்பு இலக்கைத் துரத்த வேண்டாம். மூச்சு வாங்கினாலும் பக்கத்தில் இருப்பவரோடு ஒரு வாக்கியம் பேச முடிந்தால் போதும்.

மின்சாரம் போனால் என்ன ஆகும் என்றும் கேளுங்கள். 2023-இல் இங்கே லோட்ஷெட்டிங், அதாவது முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு, ஆறாம் கட்டம்வரை போனதை நாம் மறக்கவில்லை. சில பைக்குகளில் கரண்ட் இல்லாமல் இறுக்கமே மாறாது. சில மிதிக்கும் சக்தியிலேயே ஓடும். மாதச் சந்தா கட்டாவிட்டால் எது வேலை செய்யும், எது நின்றுபோகும் என்பதையும் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

டர்பன் காற்றில் உப்பும் ஈரமும் அதிகம், ஜனவரியில் வேர்வை சொட்டும். சீட்டைத் தாங்கும் தண்டும் அதன் பிடியும்தான் முதலில் துருப்பிடிக்கும். 2023 மே மாதம் பெலோட்டன் நிறுவனம் அமெரிக்காவில், தண்டு உடையக்கூடும் என்று சுமார் 22 லட்சம் பைக்குகளைத் திரும்பப் பெறும் அறிவிப்பை வெளியிட்டது. பெரிய நிறுவனத்தின் பைக்கிலேயே வந்த குறை இது. ஆகவே மிதித்து முடித்ததும் துடையுங்கள். மாதம் ஒருமுறை தண்டைக் கழற்றி விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள்.

அந்த அம்மாவின் மகன் கடையோடு பேசிப் பைக்கை மாற்றிக்கொண்டார். புதியதில் திரை சின்னது, சீட் நன்றாகக் கீழே இறங்குகிறது. தினமும் இரண்டு வேளை பத்துப் பத்து நிமிடம் மிதிக்கிறார். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர் என்பதால் பெடலின் வார்ப்பட்டையை இறுக்கிக் கட்ட வேண்டாம் என்றேன். மிதித்து முடித்ததும் பேத்தி பாட்டியின் பாதத்தைத் திருப்பி, விரல் இடுக்கில் சிவப்போ கொப்புளமோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படிக்கப் போகிறாள்.