துளசிக் கதிரும் தேனீயின் வயிறும்

மார்த்தாண்டம் பகுதியில் எடுக்கப்படும் தேனில் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதில்லை என்றால் வெளியூரார் வியப்பார்கள். இலையுதிர்த்த ரப்பர் மரங்கள் மீண்டும் தளிர்விடும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களில், இலைக்காம்பின் முனையில் மூன்று சிற்றிலைகள் கூடும் இடத்திலுள்ள சுரப்பிகளில் ஊறும் இனிப்பு நீரையே தேனீக்கள் உறிஞ்சிப் பெட்டியில் சேர்க்கின்றன. அந்தச் சுரப்பு நின்று, தென்மேற்குப் பருவமழையும் தொடங்கிவிட்டால், சர்க்கரைக் கரைசல் வைத்துத்தான் கூட்டங்களைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. மகரந்தத்துக்கு ஆண்டு முழுவதும் பாளை விரிக்கும் தென்னை உண்டு, தேனாகும் இனிப்பு நீரான மதுவுக்குத்தான் தட்டுப்பாடு. முற்றத்துத் துளசி தேன் எடுக்கும் அளவுக்கு மது தராது. ஆனால், சில ஆண்டுகள் நிலைத்து வாழும் செடியாதலால், அந்த மாதங்களிலும் அதில் கதிர் இருக்கும்படி வளர்க்க முடியும்.

துளசிப் பூக்கள் கதிரில் கணுவுக்கு ஆறாக, கீழிருந்து மேலாகச் சிறிது சிறிதாக மலர்வதால், ஒரே கதிர் பல நாள் விருந்தளிக்கிறது. மது, பூவின் அடியில் சூற்பையை ஒட்டிச் சுரக்கிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த தும்பையில் மகரந்தத்தாள்கள் மேலிதழின் கவிகைக்குள் ஒளிந்திருந்து தேனீயின் முதுகில் பொடியைப் பூசுகின்றன. துளசியிலோ நான்கு தாள்களும் கீழிதழை ஒட்டி நீண்டு கிடக்கின்றன. அதன்மேல் இறங்கும் தேனீயின் வயிற்றில்தான் மகரந்தம் ஒட்டுகிறது. சூல்முடியும் அதே பக்கமாக நீள்வதால், அடுத்த பூவில் அந்த வயிறே அதைத் தடவிச் செல்கிறது. கொடுக்கற்ற சிறுதேனீக்கும் இந்தச் சிறு பூ எட்டும்.

நுனிமொட்டில் உருவாகும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி பக்கமொட்டுகளை அடக்கிவைக்கிறது. நுனியைக் கிள்ளினால் அவை கிளைகளாக விரிய, கிளைதோறும் கதிர் வரும். விதை முற்றத் தொடங்கினால் செடி தன் உணவை அதற்கே செலவிட்டுப் புதுத்துளிரைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே பழுப்பேறிய கதிர்களை, அடியில் இரண்டு இலைக்கணுக்கள் சேர்த்து, வெட்டிவிட வேண்டும். இலைக்காக எல்லாக் கதிரையும் மொட்டிலேயே கிள்ளும் வழக்கம் செடிக்கு நல்லதுதான். தேனீக்கு அதில் ஒன்றுமில்லை. ஒரு பாதியை வெட்டி, அது மீண்டும் பூத்தபின் மறுபாதியை வெட்டுவது இருவருக்கும் பொருந்தும். தழைச்சத்து மிகுந்தால் இலையே பெருகும் என்பதால் சாணவுரம் அளவாகப் போதும். மழைநீர் தேங்கினால் வேர் அழுகும் என்பதால் மேட்டுப்பாத்தி அவசியம். வெட்டிய கதிர்களை உலர்த்திக் கசக்கினால், ஒவ்வொரு புல்லிக் கிண்ணத்திலும் நான்கு வரை நுண்விதைகள் கிடைக்கும்; மணலுடன் கலந்து மேலாகத் தூவினாலே முளைத்துவிடும்.