“பால் காணாது” என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

சென்ற வாரம் திருகோணமலையில் உப்புவெளிப் பக்கத்தில் ஒரு வீட்டில், பிறந்து ஆறு வாரமான பெண் குழந்தையின் நிறையைப் பார்த்தபோது 3.6 கிலோ என்று காட்டியது. பிறந்தபோது 2.9, மூன்றாம் வாரத்தில் 3.5. முதல் மூன்று வாரங்களில் 600 கிராம் ஏறிய பிள்ளை, அடுத்த மூன்று வாரங்களில் 100 கிராம்தான் ஏறியிருந்தது, வயிற்றோட்டமும் இருந்தது. யன்னல் விளிம்பில் ஒரு போத்தல். அதன் சூப்பியின் உட்புறத்தில் பழைய பால் வளையமாகக் காய்ந்து ஒட்டியிருந்தது.

“தாய்க்குப் பால் காணாது மிஸ். பின்னேரம் முழுக்கப் பிள்ளை வீரிட்டு அழுதது. அதுதான் பால்மா தொடங்கினோம்” என்றார் அம்மம்மா. பால்மா விற்கிற விலைக்குப் பேணி நெடுநாள் வர வேண்டுமென்று, நான்கு கரண்டி போட வேண்டிய தண்ணீரில் இரண்டு கரண்டிதான் போட்டிருக்கிறார்கள். இந்த மாதத்தில் நான் பார்க்கும் மூன்றாவது பிள்ளை இது. குடும்பநல உத்தியோகத்தராக வீடு வீடாகப் போகும் எனக்கு, “பால் காணாது” என்ற இரண்டு சொற்களைக் கேட்டாலே இப்போது மனம் பதறுகிறது.

எதை வைத்துக் காணாது என்கிறீர்கள்? அழுகையை வைத்தா? இரண்டு, மூன்று வாரத்திலும் ஆறாம் வாரமளவிலும் பல பிள்ளைகள் திடீரென்று அடிக்கடி பால் கேட்கும்; பின்னேரங்களில் மார்பை விடாமல் தொங்கும். அப்படி இழுத்து இழுத்துக் குடித்துத்தான் நாளைய தேவைக்கான பாலை அது இன்றே சுரக்க வைக்கிறது. அந்த நேரம் பார்த்துப் போத்தலை வாயில் வைத்தால், குடிக்காமல் விட்ட அளவுக்குச் சுரப்புக் குறையும்; அப்போதுதான் பால் உண்மையிலேயே காணாமற் போகும். மார்பு முன்போலக் கட்டவில்லை என்பதை வைத்தா? சில வாரங்களில் மார்பு இளகுவது, சுரப்பு பிள்ளையின் தேவைக்கு ஏற்றபடி அமைந்துவிட்டதன் அடையாளம். பம்ப் பிடித்தபோது ஓர் அவுன்ஸ்தான் வந்தது என்பதை வைத்தா? பிள்ளையின் வாய் இழுக்கும் அளவுக்குப் பம்ப் இழுக்காது. பால்மா குடித்ததும் நீண்ட நேரம் தூங்கியதே என்பார்கள். அது செரிக்க அதிக நேரம் எடுப்பதால் வரும் தூக்கம்.

பார்க்க வேண்டியவை வேறு. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளை, ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு துணியாவது நன்றாக நனைக்க வேண்டும். முதல் நாட்களில் சற்றுக் குறையும் நிறை, இரண்டு வாரத்துக்குள் பிறப்பு நிறைக்குத் திரும்ப வேண்டும். அதன்பின் கிளினிக் கொப்பியில் நிறைக் கோடு மேலே ஏற வேண்டும். இந்தப் பிள்ளையின் மூன்றாம் வாரத்தில் நான் போனபோது, முற்றத்துக் கொடியில் காய்ந்த துணிகளே போதிய சாட்சியாக இருந்தன.

அன்று நான் செய்தது பெரிய காரியம் எதுவுமில்லை. கட்டில் விளிம்பில் கூனி உட்கார்ந்து, காம்பின் நுனியை மட்டும் பிள்ளையின் வாயில் திணித்துக்கொண்டிருந்த அந்தத் தாயின் முதுகுக்குத் தலையணை வைத்தேன். பிள்ளையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பி, கொட்டாவி விடுவதுபோல் வாய் அகலும்வரை காத்திருந்து அணைக்கச் சொன்னேன். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தில் பெரும்பகுதி வாய்க்குள் போய், நாடி மார்பில் பதிந்ததும், பிள்ளை விழுங்கும் சத்தம் அம்மம்மாவுக்கும் கேட்டது.

பிள்ளை அழும்வரை காத்திருக்காதீர்கள். தலையைத் திருப்பித் தேடும், கையை வாய்க்குக் கொண்டுபோகும், நாக்கை நீட்டும். அழுகை கடைசியில்தான் வரும். ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை பால் கொடுப்பது இயல்பு, இரவும் அதில் சேர்த்தி. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பிள்ளைக்கு விடாய்க்கும் என்று தண்ணீர் பருக்க வேண்டாம். தாய்ப்பாலில் 100க்கு 87 பங்கு தண்ணீர்தான். தேனை ஒரு வயதுவரை நாக்கில் தொட்டும் வைக்கக் கூடாது. ஆறு மாதம் நிறைந்ததும் குழைந்த சோறு, பருப்பு, மீன், முட்டை என்று தொடங்கலாம்.

அம்மம்மாமாரே, அப்பம்மாமாரே, பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா வறையும் சரக்குக் கறியும் அன்போடு ஆக்கிக் கொடுங்கள். அதே வாயால் “உனக்குப் பால் காணாது” என்று மட்டும் சொல்லாதீர்கள், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். தைரொயிட் குறைபாடு, மார்பில் செய்த சத்திரசிகிச்சை போன்ற காரணங்களால் சில தாய்மாருக்கு உண்மையிலேயே பால் குறையும். அவர்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லை, வைத்தியர் சொல்லும் பால்மாவைச் சரியான அளவில் கரைத்துக் கொடுக்கட்டும். துணி நனைவது குறைந்தாலோ, பால் குடிக்க எழும்பாமல் சோர்ந்து கிடந்தாலோ, மஞ்சள் நிறம் கூடினாலோ அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

ஏற்கெனவே பால்மா தொடங்கிவிட்டவர்கள் இதைப் படித்த கையோடு போத்தலை எறிந்துவிட வேண்டாம். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரைக் கூப்பிடுங்கள். நிறையைப் பார்த்துப் பார்த்து, மார்பில் குடிக்கும் தடவைகளைக் கூட்டி, பால்மாவைச் சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும்.