பாதி சார்ஜ் இருக்கும்போதே ஸ்பீக்கர் ஏன் அணைகிறது?

"மைதானத்தில் பேட்டரி ஸ்பீக்கர் வைத்தோம். பேச்சு நன்றாகக் கேட்டது. பாட்டுப் போட்டு ஒலியை ஏற்றியதும், டிரம் விழுகிற இடத்தில் பெட்டி சட்டென்று அணைந்துவிட்டது. ஐந்து நிமிடம் கழித்துப் போட்டால் மறுபடி பாடுகிறது. பேட்டரியோ பாதி சார்ஜ் காட்டுகிறது. எது பழுது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

இத்தகைய பெட்டிகளின் மேல் 1000 வாட் என்று அச்சிட்டிருப்பார்கள், அதை முதலில் மறந்துவிடுவோம். அது விற்பனைக்கான எண். உள்ளே தேடிப் பார்த்தால் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய திறன்) 100 வாட் என்று இருக்கும். அதுதான் கணக்குக்கு உதவும். பாட்டில் இடைவெளிகள் அதிகம். அதனால் முழு ஒலியில் வைத்தாலும் சராசரி அதில் எட்டில் ஒரு பங்குதான். ஆம்ப்ளிஃபயரின் இழப்பு, புளூடூத் சர்க்யூட் எல்லாம் சேர்த்து பேட்டரியிலிருந்து சுமார் 20 வாட் போகும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் (காரீய-அமில) பேட்டரி என்றால் 84 வாட்-மணி. 20-ஆல் வகுத்தால், நான்கு மணி நேரம் ஓட வேண்டும். ஓடாது. அந்த 7 என்பது, 0.35 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் மெல்ல இறக்கினால் கிடைப்பது. வேகமாக இறக்கினால் குறைவாகவே கிடைக்கும் என்பதை 1897-லேயே ஜெர்மன் விஞ்ஞானி வில்ஹெல்ம் பாய்கெர்ட் சூத்திரமாக்கிவிட்டார். ஆனாலும் பேட்டரியின் முகப்பில் இன்றுவரை அந்த 20 மணி நேர எண் மட்டும்தான் பெரிதாக இருக்கிறது! மூன்று மணி நேரம் கிடைத்தால் நல்லது. பாதியோடு நிறுத்தினால்தான் பேட்டரி நீடித்து உழைக்கும் என்பதால், ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வதே சரி.

ஆனால் வாசகரின் பெட்டியை அணைத்தது இந்தச் சராசரி இல்லை, டிரம். அந்த ஒரு அடிக்கு ஆம்ப்ளிஃபயர் முழு 100 வாட்டையும் கொட்டுகிறது. இழப்பையும் சேர்த்தால் 120 வாட், அதாவது 12 வோல்ட்டில் 10 ஆம்பியர். பழைய பேட்டரியின் அகமின்தடையும் (அதற்குள்ளேயே இருக்கும் தடை) வயர், கனெக்டர்களின் தடையும் சேர்ந்து 0.2 ஓம் என்று கொள்வோம். 10 ஆம்பியர் பாயும்போது 2 வோல்ட் வழியிலேயே போய்விடும். சும்மா இருக்கையில் 12.3 காட்டிய பேட்டரி 10.3-க்கு இறங்கும். இத்தோடு நிற்பதில்லை. இத்தகைய பெட்டிகள் பலவற்றில் 12 வோல்ட்டை உயர்த்தித் தரும் சர்க்யூட் ஒன்று உண்டு. வோல்ட் குறைந்தால் அதே வாட்டைத் தருவதற்காக அது இன்னும் அதிக ஆம்பியரை இழுக்கும். இழுத்தால் வோல்ட் மேலும் குறையும். கடைசியில் 12 ஆம்பியர், 9.9 வோல்ட்டில்தான் இந்த இழுபறி அடங்கும். 10.5-க்குக் கீழே போனால் பேட்டரியைக் காப்பாற்ற அணைத்துவிடு என்று பாதுகாப்பு சர்க்யூட்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அது சொன்னபடி செய்தது, அவ்வளவுதான்.

அப்படியானால் ஐந்து நிமிடத்தில் உயிர் வருவது எப்படி? இந்த இடம்தான் அழகு. லெட்-ஆசிட் பேட்டரியில் கந்தக அமிலம் வெறும் கடத்தி இல்லை, அதுவே எரிபொருள். பஞ்சு போன்ற காரீயத் தகட்டின் நுண்துளைகளுக்குள் இருக்கும் அமிலம் வினையில் செலவாகி, அங்கே தண்ணீர்தான் மிஞ்சுகிறது. வெளியே இருக்கும் அமிலம் துளைக்குள் மெல்ல விரவித்தான் வர வேண்டும். ஊறுகிற வேகத்தை மீறி இறைத்த கிணறு மாதிரி: அடியில் சேறு தெரியும், ஆனால் ஊற்று வற்றிவிடவில்லை. சற்று விட்டால் ஊறிவிடும். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் இது இரண்டு கட்டமாகத் தெரியும். அணைந்த கணமே வோல்ட் ஒரு தாவு தாவும். அது தடையில் போன பங்கு. பிறகு நிமிடக்கணக்கில் அங்குலம் அங்குலமாக ஏறும். அது அமிலம் ஊறுவது.

"பெரிய கெப்பாசிட்டர் ஒன்று போட்டால் சரியாகிவிடும்" என்று ஒரு வைத்தியம் சொல்வார்கள். கெப்பாசிட்டர் என்பது மின்னாற்றலைச் சற்றுச் சேமித்து, கேட்டதும் தரும் பாகம். ஒரு டிரம் அடி 50 மில்லிவினாடி என்றால் அதற்கு 5 ஜூல் வேண்டும். 4700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 12-லிருந்து 11 வோல்ட்டுக்கு இறங்கும்போது தருவது 0.05 ஜூல். யானைப் பசிக்குச் சோளப்பொரி.

பேட்டரியா வயரா என்று கண்டுபிடிக்க 55 வாட் கார் ஹெட்லைட் பல்பு ஒன்று போதும். அது சுமார் 4.5 ஆம்பியர் இழுக்கும். பல்பு இல்லாமல் ஒரு வோல்ட் அளவு, பேட்டரி முனைகளில் எரியவிட்டுப் பத்து வினாடி கழித்து இன்னொன்று. 12.5 வோல்ட் 11.6 ஆனால், 0.9-ஐ 4.5-ஆல் வகுக்க 0.2 ஓம், பேட்டரிக்கு வயதாகிவிட்டது. நல்ல நிலையில் இருந்தால் இதில் பத்தில் ஒரு பங்குதான் வரும். பேட்டரி தேறினால் குற்றவாளி வயர். இரண்டு மீட்டர் தூரத்துக்கு 0.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் போக வர 0.14 ஓம், 1.5 என்றால் 0.05-தான். பாசிட்டிவ் முனையை ஒட்டியே 15 ஆம்பியர் ப்யூஸ் கட்டாயம். ஷார்ட் ஆனால் இந்தச் சின்னப் பேட்டரியும் நூறு ஆம்பியருக்கு மேல் கொட்டும்.

பேட்டரி மாற்றும்வரை பாஸ் (தாழ்ந்த ஒலி) குமிழைக் குறையுங்கள். அதை 6 டெசிபல் (ஒலியளவின் அலகு) ஏற்றினால் தாழ்ந்த ஒலிகளுக்கு நான்கு மடங்கு வாட் தேவை. எட்டு அங்குல ஸ்பீக்கர் வெட்டவெளியில் அந்த ஆழ்ந்த ஒலியை எப்படியும் எழுப்பப்போவதில்லை, ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருள்தான் சூடாகும். அறையில் சுவர்கள் எதிரொலித்துக் கைகொடுக்கும். வெளியில் அது கிடையாது. தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் 6 டெசிபல் போய்விடும். ஆகவே ஒலியைக் கூட்டுவதைவிட, பெட்டியைத் தலைக்கு மேல் உயர்த்திக் கூட்டத்தைப் பார்த்துத் திருப்புவதே மேல்.

புளூடூத்துக்கும் இதே கதிதான். அறைக்குள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரில் பட்டு உடம்பைச் சுற்றி வந்துவிடும். மைதானத்தில் போன் பின்பாக்கெட்டில் இருந்தால், நடுவில் நிற்கும் உடம்பின் தண்ணீர் அலையை விழுங்கும். பாட்டு விட்டு விட்டுக் கேட்கும். போனைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டால் தீர்ந்தது.

பாட்டு முடிந்த இரவே சார்ஜ் போடுங்கள். தள்ளிப்போட்டால் தகட்டில் படிந்த காரீய சல்பேட் கெட்டியான படிகமாக இறுகிவிடும். அடுத்த முறை பல்பு வைத்து அளந்தால் அந்த 0.2 ஓம் இன்னும் ஏறியிருக்கலாம்.