டிஸ்பெர்ஷன்: சிதறலும் அல்ல, பிரிகையும் அல்ல

போன மாதம் காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடியில் ஒரு தரைக்கல் பட்டறைக்குப் போயிருந்தேன். வீட்டு முற்றத்துக்குப் பத்துப் பதினைந்து பூக்கல் தேவைப்பட்டது. அங்கே முப்பது வருஷமாகக் கலர் கலக்கும் ஒருவர், நான் வேதியியல் வாத்தியாராக இருந்தவன் என்று தெரிந்ததும், ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்தார். கலர்ப் பொடி மூட்டையோடு வந்த செய்முறைத் தாள். அதில் தமிழில் இப்படி இருந்தது: 'நிறமித் துகள்களின் ஒருபடித்தான சிதறலை உறுதி செய்யவும். போதுமான அளவு சிதறடிக்கப்படாத நிறமி மேற்பரப்புக் குறைபாடுகளுக்கு வழிவகுக்கும்.'

"சார், சிதறடிக்கணும்னு போட்டிருக்கே. பொடிய மேல தூவி வீசணுமா? நாங்க கரைச்சுல்ல ஊத்துறோம்?" என்று கேட்டார்.

அவர் கேலியாகக் கேட்கவில்லை. தாளில் சொன்னபடி செய்ய நினைக்கிற மனிதர். எனக்குத்தான் சங்கடமாகப் போய்விட்டது. இந்தச் 'சிதறல்' எத்தனையோ முறை கண்ணில் பட்டிருக்கிறது. பெயிண்டு டப்பாவில், பூச்சிமருந்துச் சீட்டில், ஆய்வுச் சுருக்கங்களின் தமிழாக்கத்தில் எல்லாம் பார்த்துவிட்டுப் பேசாமல் கடந்து போயிருக்கிறேன். வேலை செய்கிற ஒருவர் அந்தச் சொல்லை நம்பிக் கையை ஓங்கப் போனதைப் பார்த்தபிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

முதலில் மூலச்சொல். இந்தச் 'சிதறல்' டிஸ்பெர்ஷன் என்ற ஆங்கிலச் சொல்லின் தமிழாக்கம். அது லத்தீனிலிருந்து வந்தது. 'டிஸ்' என்றால் விலகி, 'ஸ்பார்கெரே' என்றால் தூவுதல், இறைத்தல். ஆக, வேரைப் பார்த்தால் சிதறல் சரிதான். ஆனால் வேதியியலில் அந்தச் சொல் வேரை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது. ஒரு பொருளின் நுண்துகள்கள் இன்னொரு பொருளுக்குள், கரையாமலும் கட்டி தட்டாமலும் அடியில் படியாமலும், எங்கும் ஒரேபோல் கலந்து நிற்கிற நிலைக்கு அங்கே அந்தப் பெயர். தமிழில் பெயர் வைக்கிறவர் இந்த நிலையைப் பார்த்து வைக்கவேண்டும். லத்தீன் வேரைப் பார்த்து அல்ல.

சிதறல் என்றால் நமக்கு என்ன தோன்றும்? சிதறுதேங்காய். கை தவறிக் கொட்டிய அரிசி. ஓர் இடத்தில் ஒழுங்காக இருந்தது கலைந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடப்பது. பட்டறைக்காரருக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். அவருக்கு எந்த இடத்திலும் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இன்னொரு சிக்கலும் உண்டு. ஒளி சிதறலுக்கு அந்தச் சொல் ஏற்கெனவே போய்விட்டது. நுண்துகள்கள் இப்படிக் கரையாமலும் படியாமலும் நிற்கிற கலவைக்குக் கூழ்மம் என்று பெயர். கூழ்மத்தின் வழியே ஒளிக்கற்றை போனால் அதன் பாதை தெரியும், அதுதான் டிண்டால் விளைவு என்று பள்ளியில் படிக்கிறோமே, அதற்கே ஒளிச்சிதறல் என்றுதான் பெயர். துகள் இருக்கும் நிலைக்கும் சிதறல் என்றால், 'சிதறலில் உள்ள சிதறிய துகள்கள் ஒளியைச் சிதறடிக்கின்றன' என்று எழுதவேண்டி வரும். பதினோராம் வகுப்புப் பிள்ளை இதை எப்படிப் படிக்கும்?

சரி, சிதறல் அகராதியைப் புரட்டி எழுதுகிறவர்களின் பிழை. அதைத் திருத்திவிடலாம். எனக்குப் பெரிய மனத்தாங்கல் பாடநூல் தமிழிலேயே நிலைத்துவிட்ட இன்னொரு சொல்லின்மேல்தான். அது பிரிகை. கூழ்மப் பாடத்தைத் திறந்தால் துகளுக்குப் 'பிரிகை நிலைமை', அது நிற்கும் பொருளுக்குப் 'பிரிகை ஊடகம்' என்று இருக்கும். நானும் பல வருஷம் அப்படியே கரும்பலகையில் எழுதி நடத்தினேன். ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒரு பிள்ளை எழுந்து, "எது சார் பிரியுது?" என்று கேட்கும். எதுவுமே பிரியவில்லை என்பதுதான் உண்மையான பதில். பிரியாமல் நிற்பதால்தான் அது கூழ்மம்.

எங்கள் வீட்டில் ஆடி மாதம் கும்மாயம் கிண்டுவார்கள். பச்சைப்பயறும் உளுந்தும் வறுத்துத் திரித்த மாவை, முதலில் கொஞ்சம் நெய்யில் பிரட்டிக்கொண்டு, அப்புறம் கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டிய தண்ணீரை ஊற்றிக் கரைக்கவேண்டும். என் ஆயா பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருப்பார்: "கட்டி தட்டாமக் கரைப்பா, கைய நிறுத்தாத." நெய்யில் பிரட்டிய மாவு தண்ணீர் பட்டதும் உருண்டையாகத் திரளாது. ஒவ்வொரு பொடிக்கும் ஒரு நெய்ப் போர்வை இருக்கும். கிண்டக் கிண்ட மாவும் கருப்பட்டியும் நெய்யும் ஒன்றாக இறுகி வரும். கடைசியில் ஓரத்தில் நெய் கசிய ஆரம்பிக்கும். உடனே ஆயா, "நெய் பிரிஞ்சிருச்சு, இறக்கு" என்பார்.

ஒரே சட்டியில் இரண்டு நிலை, இரண்டுக்கும் சொல் இருக்கிறது. மாவு நீரில் கட்டி தட்டாமல் நிற்பது ஒன்று. நெய் தனியே ஒதுங்குவது இன்னொன்று. பிரிதல் இரண்டாவதின் பெயர். குழம்பில் எண்ணெய் பிரியும், அசையாமல் வைத்த சாறு தெளிந்து பிரியும், பெயிண்டு நாள்பட்டால் மேலே எண்ணெயும் கீழே சாயமுமாகப் பிரியும். தமிழில் சமைக்கத் தெரிந்த யாருக்கும் பிரிதல் என்றால் ஒதுங்கிப்போதல்தான். பாடநூல் அந்தச் சொல்லையே எடுத்து முதல் நிலைக்கு வைத்துவிட்டது. மருந்துக்குப் பெயர் நோய் என்பதுபோல ஆகிவிட்டது.

1850-களில் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே தங்கத்தை நீரில் நுண்துகளாக்கிச் சிவப்பு நிறத் திரவம் செய்தார். அவர் செய்த புட்டிகள் சில லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றும் இருக்கின்றன. ஒன்றரை நூற்றாண்டு தாண்டியும் தங்கம் அடியில் படிந்துவிடவில்லை. இத்தனை காலம் பிரியாமல் நின்ற ஒன்றைப் பிரிகை என்று எப்படிச் சொல்வது?

இந்தச் சொல் எப்படி வந்திருக்கும் என்று ஊகிக்கலாம். முப்பட்டகத்தில் வெள்ளொளி ஏழு நிறமாவதற்கும் ஆங்கிலத்தில் டிஸ்பெர்ஷன்தான். அதற்கு நிறப்பிரிகை என்று வைத்தார்கள். அருமையான சொல், அங்கே நிறங்கள் உண்மையிலேயே பிரிகின்றன. இயற்பியல்காரர் வைத்த பெயரின் பின்பாதியை வேதியியல்காரர் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கவேண்டும். ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதால் தமிழிலும் ஒரே சொல் வேண்டும் என்ற எண்ணம்தான் இவ்வளவு கேட்டுக்கும் காரணம். ஆங்கிலத்தில் ஒரு சொல் நான்கு வேலை பார்த்தால் அது அவர்கள் வறுமை. நமக்கு நான்கு சொல் இருக்கும்போது ஏன் ஒன்றையே போட்டு நெருக்கவேண்டும்?

அதே பாடத்தில் நல்ல சொற்களும் இருக்கின்றன என்பதையும் சொல்லவேண்டும். கூழ்மம், பால்மம், திரிதல் மூன்றும் காதால் கேட்டு ஆக்கிய சொற்கள். பால் திரிந்துபோவதைப் பார்த்தவர்தான் கூழ்மத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்வதைத் திரிதல் என்று சொல்லியிருக்க முடியும். அவர்கள் பிரிகையில் மட்டும் ஏன் காதை மூடிக்கொண்டார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

நான் சொல்வது விரவல். புதிதாக ஆக்கியது இல்லை. தொல்காப்பியத்திலேயே விரவுப்பெயர் உண்டு. சாத்தன் வந்தான், சாத்தன் வந்தது என்று உயர்திணையிலும் அஃறிணையிலும் ஒருங்கே வழங்கும் பெயர் அது. அங்கே தொடங்கி இன்றைக்கும் அடுப்படியில் உயிரோடு இருக்கிறது. குமரி, நெல்லைப் பக்கம் புட்டுக்கு மாவு விரவுவார்கள். மீனில் மசாலா விரவி வைப்பார்கள். நம் பக்கம் பிசறி வைப்பது என்போம். பிசறுவதில் கைவேலை மட்டும் தெரிகிறது. விரவுவதில் கைவேலையும் தெரியும், அதனால் வந்த நிலையும் தெரியும். விரவினான் என்றும் சொல்லலாம், விரவிக் கிடக்கிறது என்றும் சொல்லலாம். சிதறுவதற்குச் சிதறடி என்று அடி சேர்க்கவேண்டியிருப்பதுபோல் இதற்கு எதுவும் வேண்டாம்.

பொருளிலும் கச்சிதம். உப்பு நீரில் கரைகிறது. பாலும் தண்ணீரும் கலக்கின்றன. மிளகாய்த்தூள் மீனில் விரவுகிறது. விரவிய பொருள் எங்கும் இருக்கும், ஆனால் தான் இல்லாமல் போகாது.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு வரும், அதைத் தட்டிக்கழிக்க முடியாது. வாயுக்கள் தாமாகவே ஒன்றில் ஒன்று பரவுவதற்கு, கிரஹாம் விதி நடத்தும்போது, விரவுதல் என்றுதான் வேதியியல் பாடத்தில் எழுதுகிறோம். அந்தச் சொல்லை இங்கே கொண்டுவந்தால் அங்கே என்ன செய்வது? என் பதில்: அங்கே பரவல் என்று வைக்கலாம். உயிரியல் பாடத்தில் சவ்வூடு பரவல் என்று பிள்ளைகள் ஏற்கெனவே படிக்கிறார்கள். ஊதுவத்தி மணம் அறை முழுக்கப் பரவுகிறது என்றுதானே பேசுகிறோம், விரவுகிறது என்று யாரும் சொல்வதில்லை. தானாக நடப்பது பரவல். கையோ கலக்கியோ எந்திரமோ வேலை செய்து வருவிப்பது விரவல். ஒரே வகுப்பில் இரண்டு பாடம் இரண்டு சொல் சொல்லிக் குழப்புவதும் இதனால் தீரும்.

அந்த வேலையும் சின்ன வேலை இல்லை. முதலில் பொடியின் ஒவ்வொரு துகளும் நனையவேண்டும். துகளுக்கு இடையில் இருக்கும் காற்று வெளியேற வேண்டும். அப்புறம் ஒட்டிக்கொண்டிருக்கும் கட்டிகளை அரைத்தோ அடித்தோ உடைக்கவேண்டும். உடைத்தவை மறுபடி ஒட்டாமல் இருக்க, துகள்களுக்கு ஒரே மின்னூட்டம் கொடுத்து ஒன்றையொன்று விலக்கவைக்கலாம், அல்லது நீண்ட மூலக்கூறுகளால் ஒரு போர்வை போர்த்தலாம். கும்மாய மாவின் நெய்ப் போர்வை செய்யும் காரியமும் இதுபோலத்தான். செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சில் முட்டை வெண்கரு சேர்ப்பார்களே, அந்த வெண்கருப் புரதத்துக்கும் துகளைச் சூழ்ந்து காக்கும் குணம் உண்டு. மூன்றில் எது தவறினாலும் துகள்கள் திரண்டு பெரிதாகும். பெரிதானால் வேகமாகப் படியும்: ஆரம் இரண்டு மடங்கானால் படியும் வேகம் நான்கு மடங்கு. இரும்பு ஆக்சைடு நீரைப்போல் ஐந்து மடங்கு கனம், சிமெண்டு மூன்று மடங்குக்குச் சற்று மேல். அதனால் கட்டி தட்டிய சிவப்பு ஆக்சைடு சிமெண்டுக்கு முன்னால் கீழே இறங்கிவிடும். ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடித் தகட்டின்மேல் கலரை ஊற்றித்தான் வார்ப்பார்கள், அதனால் கீழே என்பது கண்ணாடிப் பக்கம். கண்ணாடியை எடுத்ததும் அதுதான் கல்லின் முகம். அந்தப் பட்டறையில் அப்படி ஒரு கல்லை ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். மஞ்சள் பூவின் நடுவே மிளகு அளவில் ஒரு கறுஞ்சிவப்புப் புள்ளி, அதிலிருந்து வால்போல ஒரு தீற்று. மற்ற இடமெல்லாம் கண்ணாடி மாதிரி இருந்தது. அந்த ஒரு புள்ளிக்காகக் கல் விலைபோகாது.

அந்தத் தாளில் இருந்த 'ஒருபடித்தான' என்பதும் தவறு. உப்புக் கரைசல்தான் ஒருபடித்தானது. அதில் உப்பு, நீர் என்று இரண்டு நிலைமை கிடையாது. துகள் தனியே, ஊடகம் தனியே இருக்கும் கலவை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் பலபடித்தானதுதான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரிந்தது இது. துகள்கள் எங்கும் ஒரேபோல் இருப்பதைச் சொல்லச் சீரான விரவல் போதும், ஒரே சொல்லாக வேண்டுமென்றால் சீர்விரவல். பிரிகை நிலைமையை விரவிய நிலைமை என்றும், பிரிகை ஊடகத்தை விரவு ஊடகம் என்றும் மாற்றலாம். விரவலுக்குத் துணையாகச் சேர்க்கும் மருந்துக்கு வினையூக்கியைப்போல விரவூக்கி என்று வைத்துப் பார்த்தேன். அது இன்னும் எனக்கே முழுத் திருப்தி தரவில்லை. இதைவிட நல்ல சொல் யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள்.

மொழிபெயர்க்கிறவர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுதல். தாள் யார் கைக்குப் போகிறது என்று ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். அகராதியில் முதலில் இருக்கும் பொருளை எடுத்துப் போட்டு, 'உறுதி செய்யவும்', 'வழிவகுக்கும்' என்று முடித்துவிட்டால் தமிழாகிவிடாது. இப்போது எந்திரமே அந்த வேலையைச் செய்து தருகிறது, யாரும் படித்துப் பார்க்காமலே அச்சாகிறது. 1953-ல் மின்வேதியியல் ஆய்வகம் திறந்த ஊர் காரைக்குடி. வேதியியல் இங்கே வெளியூர்ச் சங்கதி இல்லை. நிக்கல் முலாமுக்குள் கார்பைடு துகளை விரவவைப்பதும், பேட்டரித் தகட்டுக்குப் பூசும் குழம்பில் கரியை விரவுவதும் இங்கே படிக்கிற பிள்ளைகளுக்குத் தெரிந்த காரியங்கள். ஆத்தங்குடி கூப்பிடு தூரம். கலர் கலக்குகிறவரிடம், "அண்ணே, இதை நீங்க எப்படிச் சொல்வீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கட்டி தட்டுதல் என்ற சொல்லாவது கிடைத்திருக்கும்.

அந்தத் தாளின் பின்பக்கத்தில் அவருக்காக இப்படி எழுதிக் கொடுத்தேன்: 'கலர்ப் பொடியைச் சலித்து, முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் களிபோலக் குழைக்கவும். கட்டி முழுக்க உடைந்தபிறகு மீதித் தண்ணீரும் சிமெண்டும் சேர்த்து, கலர் எங்கும் சீராக விரவும்வரை கலக்கவும். ஊற்றும்போதும் அடியிலிருந்து கலக்கிக்கொண்டே ஊற்றவும்.' அவர் ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். "இதத்தான சார் செய்றோம்" என்று சொல்லிவிட்டு, புதிதாகச் சேர்ந்த பையனுக்காக அதைக் கலர் டிரம்முக்கு மேலே சுவரில் ஒட்டிவைத்தார்.