மொகித்தோ: போலி வாளா, மாதிரி வாளா?

ஜப்பானிய வாளின் வடிவில், கூர் இல்லாமல் செய்து, வீட்டில் மரத்தாங்கியில் வைத்து அழகு பார்ப்பதற்கென்றே விற்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன பெயர்? இணையக் கடைகளின் தமிழ்ப் பக்கங்களில் “அலங்கார சாமுராய் கத்தி” என்றிருக்கும். படங்களின் தமிழ் வசனவரிகளில் “போலி வாள்”. முதலாவதைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிடலாம். இரண்டாவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

ஜப்பானியர் அதை மொகித்தோ என்கிறார்கள். (பழரசக் கடைப் பானம் வேறு.) ‘தோ’ என்றால் வாள். அதற்கு எழுதும் அதே சீனவழி எழுத்தைத் தனியாக நிறுத்தினால் ‘கத்தன’ என்று படிப்பார்கள். நாம் கட்டானா என்று எழுதிக்கொண்டிருப்பது அதைத்தான். ‘கத்த’ ஒரு பக்கம், ‘ந’ அலகு. ஒருபக்கம் மட்டும் கூருள்ளது என்பது பொதுவாகச் சொல்லப்படும் வேர்ப்பொருள். இருபக்கமும் கூர் இருந்தால் அது ‘கென்’. அலகு இரண்டு ஷக்கு, அதாவது சுமார் 60.6 செ.மீ., இருந்தால்தான் கத்தன. குறைந்தால் வக்கிஸஷி, ஒரு ஷக்குக்கும் குறைந்தால் தந்தோ. நம் ‘கத்தி’தான் அங்கே போய்க் கத்தன ஆயிற்று என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. ஜப்பானிய மொழியியலாளர் ஓனோ சுசுமு தமிழையும் ஜப்பானியத்தையும் ஒப்பிட்டு எழுதியதிலிருந்து, ஒலி ஒத்துப்போகும் சொல்லையெல்லாம் பிடித்து உறவு கொண்டாடும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. ஓனோவின் முடிவையே பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. இதை அதோடு விடுவோம்.

இனி ‘மொகி’. ஒன்றைப் போலவே செய்துபார்ப்பது, பாவனையாகச் செய்வது என்று பொருள். மொகித்தோவின் அலகு பெரும்பாலும் துத்தநாக, அலுமினியக் கலவையில் வார்த்து மெருகு பூசியது. அந்த உலோகத்தில் கூர் தீட்டினாலும் நிற்காது. நிற்கக்கூடாது என்பதற்காகத்தான் அந்த உலோகம். 1958-இல் வந்த துப்பாக்கி, வாள் சட்டப்படி உண்மையான வாள் ஒவ்வொன்றுக்கும் அந்தந்த மாகாணக் கல்வி வாரியத்தின் பதிவுச் சான்று வேண்டும். மொகித்தோவுக்கு அது வேண்டாம். வீட்டில் வைத்துக்கொள்ளலாம், தக்க காரணமில்லாமல் தெருவில் எடுத்துப் போகத்தான் தடை. மற்றபடி பிடியில் சுற்றிய நாடா, கைக்காப்பு, அரக்குப் பூசிய உறை எல்லாம் அசலைப் போலவே இருக்கும். எஃகைச் சூடேற்றி நீரில் தோய்க்கும்போது கூரோரம் பிறக்கும் அலைக்கோடு மட்டும் இதில் மேலே வரைந்து ஏற்றியதாக இருக்கும். கிஃபு மாகாணத்து செக்கி நகரம் கொல்லர்களுக்குப் பேர்போன ஊர். மொகித்தோவும் அங்கே செய்கிறார்கள். செய்கிறவர் மொகித்தோ என்றே சொல்லி விற்கிறார், வாங்குகிறவர் தெரிந்தே வாங்குகிறார். இதில் போலி எங்கே வந்தது?

போலி எது என்று கேட்டால் அதுவும் ஜப்பானில் உண்டு. யாரோ ஒரு சாதாரணக் கொல்லன் அடித்த வாளின் அடித்தண்டில் ‘மசமுனே’ என்று பெருங்கொல்லனின் பெயரைப் பொறித்து விற்பார்கள். அதற்கு ‘கிமெய்’, பொய்ப்பெயர் என்று பெயர். அந்த வாள் நல்ல எஃகு, கூர் உள்ளது, ஆளை வெட்டும், ஆனாலும் போலி. மொகித்தோ வாழைத்தண்டைக்கூட ஒழுங்காக வெட்டாது. ஆனாலும் போலி இல்லை. ‘போலி’ என்ற சொல்லை மொகித்தோவுக்கே செலவழித்துவிட்ட மொழிபெயர்ப்பாளர் கிமெய் வரும் இடத்தில் என்ன செய்வார்? “இது போலி இல்லை, மொகித்தோ” என்று ஒரு பாத்திரம் சொன்னால் “இது போலி இல்லை, போலி” என்றா எழுதுவார்?

இலக்கணம் படித்தவர்கள் உடனே வருவார்கள். ‘போல்’ என்பதிலிருந்து வந்ததுதானே போலி, போன்றிருப்பது என்பதுதானே பொருள், அறம் அறன் ஆவது கடைப்போலி, இல்முன் முன்றில் ஆவது இலக்கணப் போலி, இதிலெல்லாம் ஏமாற்று எங்கே இருக்கிறது என்பார்கள். சரிதான். ஆனால் அந்தப் போலி வகுப்பறையை விட்டு வெளியே வருவதில்லை. வெளியே இருப்பது போலி மருத்துவர், போலிப் பத்திரம், போலிச் சான்றிதழ். நாளிதழில் ‘போலி வாள் விற்பனை’ என்று தலைப்பு வந்தால், அடுத்த வரியில் யாரைக் கைது செய்தார்கள் என்றுதான் கண் தேடும்.

‘மொகி’க்குத் தமிழில் சொல் ஏற்கெனவே இருக்கிறது, புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. ஜப்பானிய மாணவர்கள் பெரிய தேர்வுக்கு முன்னால் எழுதிப்பார்ப்பது மொகி ஷிக்கென். நம் பிள்ளைகள் அதை மாதிரித் தேர்வு என்கிறார்கள். தேர்தல் நாளன்று காலையில் முகவர்கள் முன்னிலையில் இயந்திரத்தைச் சோதிப்பது மாதிரி வாக்குப்பதிவு. அதைப் போலி வாக்குப்பதிவு என்று ஒருவர் எழுதிப் பார்க்கட்டும், வழக்கு வரும். எனவே மொகித்தோ மாதிரி வாள். ‘மாதிரி’ தூய தமிழ்தானா என்று புருவத்தை உயர்த்துகிறவர்கள் ‘உருவொப்பு வாள்’, ‘படிம வாள்’ என்றெல்லாம் வார்த்துத் தருகிறார்கள். சொன்னால் விளக்கவுரை கேட்கும் சொல் எதற்கு? ‘நகல் வாள்’ என்பதும் ஆகாது. நகல் என்றதும் படியெடுக்கும் கடைதான் நினைவுக்கு வருகிறது. பேச்சில் ‘மாதிரி’க்குப் ‘போல’ என்ற பொருளும் இருப்பது இங்கே வசதி. ‘கத்தன மாதிரி வாள்’ என்பதை எப்படிப் பிரித்துப் படித்தாலும் தப்பு வராது.

‘சாமுராய் கத்தி’யில் கத்தி என்பது அவ்வளவு பெரிய குற்றமில்லை. பட்டாக்கத்தி, கத்திச்சண்டை என்று நாமும் நீளத்தைப் பார்க்காமல் சொல்கிறவர்கள்தானே. ஜப்பானியரும் சின்னக் கத்தியைக் ‘கொகத்தன’, குட்டிக் கத்தன என்கிறார்கள். உறுத்துவது சாமுராய். 1876-இல் மெய்ஜி அரசு படை, காவல் துறையினர் போன்ற சிலரைத் தவிர மற்றவர்கள் வாள் அணிவதைத் தடுத்துவிட்டது. இன்று ஆலையில் வார்த்த வாளுக்கு சாமுராய் எங்கிருந்து வந்தான்? ஆங்கிலக்காரன் வைத்த பெயர் அது. ஜப்பானியர் நிஹொன்தோ, ஜப்பானிய வாள், என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். ‘கட்டானா’வும் அதே வழியில் வந்த சரக்கு. ஜப்பானியரின் நாக்கு பல்லைத் தொடுகிறது, அது நம்முடைய த. ஆங்கிலேயனின் நாக்கு மேலே ஏறுவதால் நாம் ட போடுகிறோம். உயிரெழுத்து மூன்றும் குறில். நடுவில் உள்ள நெடில் ஆங்கில வாய் இழுத்தது. தமிழ் எழுத்தில் அழகாக உட்காரும் சொல்லை இரவல் வாயில் போட்டு மென்று எழுதுவானேன்? கத்தன என்று எழுதினால் போதும். இறுதியில் நீட்டினால்தான் வாய்க்கு வருகிறது என்பவர்கள் கத்தனா என்று எழுதட்டும், சண்டைக்கு வரமாட்டேன்.

‘அலங்கார வாள்’ என்பதையும் மொகித்தோவுக்குக் கொடுக்காதீர்கள். ஹெய்யான் காலத்து (எட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பன்னிரண்டாம் நூற்றாண்டு வரை) அரசவைப் பிரபுக்கள் சடங்கு நாட்களில் இடையில் தொங்கவிட்ட ‘கஸரிதச்சி’ என்று ஒன்று இருக்கிறது. பொன்வேலையும் முத்துச்சிப்பிப் பதிப்புமாக இருக்கும். அந்தக் காலத்து ஒன்று தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில், நாட்டின் அரும்பொருள் என்ற தகுதியோடு இருக்கிறது. போருக்கு உதவாது, ஆனால் எதையும் பார்த்துச் செய்த மாதிரியும் இல்லை, அதுவே அசல். ‘கஸரி’ என்றாலே அலங்காரம்தான். அலங்கார வாள் என்ற பெயர் அதற்குத்தான் சேரும். வடசொல் வேண்டாம் என்றால் அணிவாள்.