மீட்டர் காட்டும் கிலோமீட்டரை நம்பி பைபாஸில் ஏறாதீர்கள்

போன வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்றரை மணிக்கு ஃபோன். தொழுதூர் தாண்டித் திருச்சி போகும் பக்கத்தில் கார் நின்றுவிட்டது, சார்ஜ் சுத்தமாக இல்லை, குடும்பத்தோடு நிற்கிறோம் என்றார் ஒரு தம்பி. நான் பெரம்பலூர் பக்கம் பட்டறை வைத்து எலெக்ட்ரிக் கார் வேலை பார்க்கிறவன், நின்றுபோன வண்டியை ஏற்றிவர ஃபிளாட்பெட்டும் வைத்திருக்கிறேன். இந்த மாதம் மட்டும் இது நான்காவது அழைப்பு. போய்ப் பார்த்தால் ரோட்டோர இருட்டில் கார் நிற்கிறது, பின்சீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி, மடியில் சட்டை கழற்றிய கைக்குழந்தை, அதன் கழுத்தெல்லாம் வியர்வை. பாட்டி ஒரு கல்யாணப் பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்தார். விடிந்தால் புதுக்கோட்டையில் முகூர்த்தம், அந்தப் பத்திரிகைதான் அது.

ஏசியை எப்போது நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். "விழுப்புரத்துலயே நிறுத்திட்டோம்ணே, ரேஞ்ச் மளமளன்னு குறைஞ்சுது." எவ்வளவு வேகத்தில் வந்தீர்கள்? "நூறு, நூத்திப்பத்து. ரோடு காலியா இருந்துச்சு."

இதைக் கேட்டபிறகுதான் எழுதியே ஆகவேண்டும் என்று உட்கார்ந்தேன். கைக்குழந்தையை ஒரு மணி நேரம் புழுக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தவருக்கு, ஆக்சிலரேட்டரில் இருந்த காலைக் கொஞ்சம் எடுக்கலாம் என்று தோன்றவில்லை. அவர் மேல் தப்பில்லை, யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

தாம்பரத்தில் கிளம்பும்போது 96 சதவீதம் சார்ஜ், மீட்டரில் 287 கிலோமீட்டர். திருச்சி சுமார் 300. சமயபுரம் பக்கத்தில் எங்காவது போட்டுக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டு, வழியில் இருந்த சார்ஜர்களை எல்லாம் விட்டுவிட்டு வந்திருக்கிறார். வண்டி நின்றது சுமார் 220 கிலோமீட்டரில். "பைபாஸ்ல மைலேஜ் கூடத்தானேண்ணே செய்யும்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

கூடாது. குறையும். வாரத்துக்கு ஒருமுறையாவது யாருக்காவது இதைச் சொல்கிறேன், இங்கே ஒருதடவை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல், டீசல் கார் ஓட்டிப் பழகிய எல்லோருக்கும் ஊருக்குள் மைலேஜ் குறையும், பைபாஸில் கூடும் என்பது மனதில் ஊறிப்போன பாடம். அந்த வண்டிக்கு அது சரிதான். சிக்னலில் நிற்கும்போதும் இன்ஜின் பெட்ரோல் குடிக்கிறது, ஒவ்வொரு பிரேக்கிலும் எரித்த பெட்ரோல் சூடாகி வீணாகிறது, டாப் கியரில் சீராக ஓடும்போதுதான் அது சிக்கனமாக வேலை செய்கிறது. எலெக்ட்ரிக் காரில் இது அப்படியே தலைகீழ். சிக்னலில் நின்றால் மோட்டார் ஒன்றும் குடிப்பதில்லை. காலை எடுத்தாலோ பிரேக் போட்டாலோ செலவழித்ததில் ஒரு பங்கு பேட்டரிக்கே திரும்பி வருகிறது. 30, 40 வேகத்தில் காற்றின் எதிர்ப்பும் பெரிதாக இல்லை. அதனால் வேளச்சேரி, கிண்டி டிராஃபிக்கில் இந்த வண்டி ராஜா மாதிரி மைலேஜ் கொடுக்கும். பைபாஸில் ஏறியதும் பிரேக்குக்கு வேலை இல்லை, திரும்பி வர எதுவும் இல்லை, முழுச் சண்டையும் காற்றோடுதான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி கூடும். 80-இல் போகிறவர் 110-க்குப் போனால் அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

மீட்டரில் தெரியும் அந்த 287 எங்கிருந்து வந்தது? பெரும்பாலான வண்டிகளில் நீங்கள் கடைசியாக ஓட்டிய ஓட்டத்தை வைத்துப் போடும் கணக்கு அது. அந்தத் தம்பி வாரம் முழுக்க ஆபீஸ் போய்வந்த வண்டி அது. நாளை திருச்சி போகப்போகிறீர்கள் என்று வண்டிக்கு எப்படித் தெரியும்? விளம்பரத்தில் வரும் எண் நிஜத்துக்கு இன்னும் தூரம். அதற்கான சோதனை ரோலர் மேல் வண்டியை ஓட்டி நடப்பது, சராசரி வேகம் மணிக்கு 35 கிலோமீட்டர்கூட இல்லை, உச்சம் 90, அதுவும் கொஞ்ச நேரம்தான். அதை வைத்து ஊருக்குப் போகும் பயணத்தைத் திட்டமிடாதீர்கள்.

கிலோமீட்டரை மறந்துவிட்டு யூனிட்டில் கணக்குப் போடுங்கள். வீட்டுக் கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான், புதிதாக ஒன்றும் கற்கவேண்டியதில்லை. 40 யூனிட் பேட்டரி உள்ள நடுத்தர கார், என் அனுபவத்தில் 80, 85 வேகத்தில் யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் பக்கம் கொடுக்கும். 105, 110-க்குப் போனால் ஐந்தரைக்கும் கீழே வந்துவிடும். ஏசி? மே மாத வெயிலில்கூட, உள்ளே குளிர்ந்தபிறகு மணிக்கு ஒன்று, ஒன்றரை யூனிட்தான். ஒரு மணி நேரம் முழுக்க ஏசி ஓடினால் போவது ஏழெட்டு, அதிகம் போனால் பத்து கிலோமீட்டர். வேகத்தை 110-லிருந்து 85-க்குக் குறைத்தால் அதே பேட்டரியில் எழுபது, எண்பது கிலோமீட்டர் கூடுதலாக ஓடும். தயவுசெய்து ஏசியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் போங்கள். குழந்தையை வேகவைக்காதீர்கள்.

நேரம் போகுமே என்பார்கள். தாம்பரத்திலிருந்து திருச்சிக்கு 110-இல் போவதற்கும் 85-இல் போவதற்கும் முக்கால் மணி நேரம் வித்தியாசம். ஆனால் அந்த வேகம் பதினைந்து யூனிட் கூடுதலாகத் தின்னும், அதை மணிக்கு 30 யூனிட் ஏற்றும் 30 கிலோவாட் சார்ஜரில் ஏற்றவே அரை மணி நேரம் வேண்டும், முன்னால் இரண்டு கார் நின்றால் அதற்கும் மேல். பொங்கல், தீபாவளி சமயத்தில் நிற்கும் வரிசை தெரியும்தானே? என்ன மிச்சம்?

அப்புறம், சார்ஜ் 10 சதவீதத்துக்கு வந்தபிறகு சார்ஜர் தேடாதீர்கள். 35, 40 இருக்கும்போதே போய் நில்லுங்கள். சார்ஜர் வேலை செய்கிறது என்று ஆப் காட்டும், போனால் காரில் செருகும் கன் உடைந்து கிடக்கும், கரண்ட் இருக்காது, அல்லது டீசல் கார் ஒன்றைக் குறுக்கே நிறுத்திவிட்டு ஆள் சாப்பிடப் போயிருப்பார். அடுத்த சார்ஜர் வரைக்கும் போகக் கையில் இருக்கவேண்டும். கிளம்புமுன் அங்கே ஃபோன் போட்டுக் கேளுங்கள். நாலைந்து ஆப்களை வீட்டிலேயே இறக்கிப் பணமும் போட்டுவையுங்கள், சிக்னல் இல்லாத இடத்தில் நின்று ஓடிபி வரவில்லை என்று எனக்கு ஃபோன் செய்யாதீர்கள். 80 சதவீதம் வந்ததும் கன்னைக் கழற்றிவிடுங்கள், அதற்கு மேல் நத்தை வேகம், பின்னால் ஒருவர் காத்திருப்பார். 90-இல் கிளம்பி 20-இல் நிறுத்துவது என்று வைத்துக்கொண்டால் 40 யூனிட் வண்டிக்குக் கையில் இருப்பது 28 யூனிட். நூறை ஒட்டிப் போனாலும் 150 கிலோமீட்டர் நிச்சயம். விழுப்புரத்தைச் சுற்றி ஒரு நிறுத்தம், காபி, பாத்ரூம், முடிந்தது.

டயர் காற்றைக் கிளம்புமுன் பாருங்கள். கூரைமேல் கேரியர் கட்டாதீர்கள். கொடைக்கானல் போகிறவர்கள் ஏற்றத்துக்கு மட்டும் ஒன்பது, பத்து யூனிட் தனியாக ஒதுக்குங்கள், மேலே போய் நூறு சதவீதம் ஏற்றிவிட்டு இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரியில் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடமில்லை, முழுப் பாரமும் பிரேக்மேல் விழும்.

இப்போது வரும் பல வண்டிகளில் இருப்பது எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி. தினமும் 30-லிருந்து 80 வரைக்குமே போட்டுக்கொண்டிருந்தால் எவ்வளவு மிச்சம் என்று வண்டிக்கே சரியாகத் தெரியாமல் போகும். 12 காட்டியது திடீரென்று 3 ஆகும். வண்டியோடு வந்த புத்தகத்தில் சொல்லியிருக்கும் இடைவெளியில், ஊருக்குக் கிளம்பும் முந்தின ராத்திரியும், வீட்டு சார்ஜரில் நூறு வரைக்கும் மெதுவாக ஏற்றுங்கள்.

சார்ஜ் தீரப்போகிறது என்று டாஷ்போர்டில் ஆமைப் படம் வந்துவிட்டதா? அடுத்த டோல்கேட் வரைக்கும் இழுத்துவிடலாம் என்று பார்க்காதீர்கள். வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள பெட்ரோல் பங்கிலோ டீக்கடையிலோ ஒதுங்குங்கள், 15 ஆம்ப் பிளக் கிடைத்தால்கூட மணிக்கு மூன்று யூனிட் பக்கம் ஏறும். கயிறு கட்டி லாரியில் இழுக்க விடவே கூடாது. சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சுற்றும், மின்சாரம் உண்டாகும். போன தீபாவளிக்கு அப்படி இருபது கிலோமீட்டர் இழுத்து வந்த ஒரு காரைப் பார்த்தேன், பானெட்டைத் திறந்ததுமே கருகிய வாடை. ஃபிளாட்பெட்டில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

எல்லாம் மீறி ரோட்டில் நின்றுவிட்டால், ஒரே ஒரு வேண்டுகோள். காருக்குள் உட்கார்ந்திருக்காதீர்கள். ராத்திரியில் நிற்கும் வண்டியின் பின்னால் தூக்கக் கலக்கத்தில் லாரி மோதிய இடங்களுக்கு நான் ஃபிளாட்பெட்டோடு போயிருக்கிறேன். ஹசார்ட் விளக்கைப் போட்டு, முக்கோணப் பலகையை நன்றாகப் பின்னால் தள்ளி வைத்து, பாட்டியையும் குழந்தையையும் இடதுபக்கக் கதவு வழியாக இறக்கி, தடுப்புக் கம்பிக்கு அந்தப்பக்கம் உட்கார வையுங்கள். அதன்பிறகு 1033-க்கு அடியுங்கள், தேசிய நெடுஞ்சாலை உதவி எண் அது. எந்தப் பக்கம் போகும் ரோடு, பக்கத்தில் இருக்கும் கிலோமீட்டர் கல்லில் என்ன எண், இந்த இரண்டையும் முதலில் சொல்லுங்கள்.